சேற்றுத் தடத்தில் கடைசி இரண்டு கிலோமீற்றர்

ஏ9 வீதியில் மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் பக்கம் போகிறவருக்கு வன்னியின் சேறு கண்ணில் படாது. போர் முடிந்த பிறகு பெருவீதிகள் ஒவ்வொன்றாகத் தார் கண்டுவிட்டன. மாங்குளத்திலிருந்தும் பரந்தனிலிருந்தும் முல்லைத்தீவுக்கு, மன்னாரிலிருந்து பூநகரிக்கு என்று எந்த வீதியிலும் சாதாரண மழைநாளில் தடையில்லாமல் ஓடலாம். சேறு அந்த வீதிகளுக்கு இருநூறு மீற்றர் உள்ளே இருக்கிறது. தார் முடிகிற இடத்தில் கிறவல் வீதி. கிறவல் முடிகிற இடத்தில் உழவு இயந்திரம் போய்வந்த தடம். தடம் முடிகிற இடத்தில் ஒரு குளக்கட்டு, ஒரு வயல்வெளி, அல்லது யாரோ விட்டுப்போன காணி. தாரிலிருந்து சேற்றுக்கு வரச் சில நிமிடங்கள் போதும். சாரதியின் கால் மட்டும் இன்னும் தார் வீதியின் வேகத்திலேயே இருக்கும். முதல் பிழை அங்கேதான் நடக்கிறது.

இந்த அத்தியாயம் அந்தக் கடைசி இரண்டு கிலோமீற்றருக்கானது. குளத்தின் துருசைப் பார்க்கப் போகும் நீர்ப்பாசனப் பொறியியலாளர், உள்ளூர்ப் பாடசாலைக்குப் பொருள் ஏற்றிப் போகிறவர், கனடாவிலிருந்து வந்து அப்பாவின் காணியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று வாடகைக்கு ஒரு பிக்கப் எடுத்தவர் ஆகியோரை மனதில் வைத்தே எழுதுகிறேன். சேற்றில் விளையாடிப் பார்க்க வருகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. இந்தத் தடங்கள் விளையாட்டுக்கானவை அல்ல. காலபோக நெல்லை வீதிக்குக் கொண்டுவர இங்குள்ளவர்களுக்கு இருப்பது இவைதான்.

தடத்தை விட்டு விலத்த வேண்டாம்

நான்கு சில்லு இழுவை பற்றி வெளிநாடுகளில் எழுதப்பட்ட கைநூல்களில் பெரும்பாலும் ஓர் அறிவுரை இருக்கும்: முன்னால் ஆழமான சேற்றுக்குழி இருந்தால் சுற்றிப் போ. வேறு நிலத்துக்கு அது நல்ல புத்தி. வன்னியில் அதை மறந்துவிட வேண்டும். இங்கே விதி நேர்மாறானது. குழிக்குள்ளால் போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் வந்த தடத்திலேயே பின்னால் வாருங்கள். பக்கத்துப் பற்றைக்குள் இறங்காதீர்கள்.

காரணம் மிதிவெடி. போர் முடிந்ததிலிருந்து ஹலோ டிரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகிய அமைப்புகளும் இராணுவத்தின் மனிதாபிமான மிதிவெடி அகற்றும் பிரிவும் இந்த நிலத்தின் பெரும்பகுதியை அங்குலம் அங்குலமாகத் துப்புரவாக்கியிருக்கின்றன. முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டும் அந்த வேலையைச் செய்தவர்களில் பலர் இந்த ஊர்ப் பெண்கள். அவர்களால்தான் இன்று இவ்வளவு வயல் விளைகிறது. ஆனாலும் வேலை முடியவில்லை. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் சேர்ந்தது. நாட்டை முற்றாகத் துப்புரவாக்க அதற்கு உள்ள கெடு 2028 யூன். கிளிநொச்சி மாவட்டத்தின் வட முனையில் இருக்கும் முகமாலை, போர்க்கால முன்னரங்கின் வெடிகளை மிக அடர்த்தியாகச் சுமந்த நிலங்களில் ஒன்று. அங்கே மட்டும்தான் ஆபத்து என்று நினைப்பது பிழை. காட்டுக்குள்ளும் கைவிடப்பட்ட காணிகளிலும் வெடிக்காத எறிகணைகள் கிடக்கலாம். பெருவெள்ளம் வெடிபொருளை மண்ணுக்குள்ளிருந்து கிளப்பும், இடம் மாற்றும். ஆகவே மழைக்காலத்தில் போகிறவர் கூடுதலாகவே கவனிக்க வேண்டும்.

நேற்றும் இன்றும் உழவு இயந்திரம் போய்வந்த சில்லுத்தடம் பார்த்துப் பழகிய நிலம். அதற்கு ஒரு மீற்றர் அப்பால் இருப்பது அப்படியல்ல. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அத்தியாயத்தில் வரும் மற்ற எல்லாம் அதிலிருந்தே வரும். எதிரே வரும் வண்டிக்கு வழிவிடப் பற்றைக்குள் ஏறாதீர்கள். அகலமான இடம் வரும் வரை ஒருவர் பின்னால் போகவேண்டும். சில்லுக்கு அடியில் போடக் கொப்பு வெட்டக் காட்டுக்குள் போகாதீர்கள். போட வேண்டியதை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். கயிறு கட்ட நல்ல பாலைமரம் இருபது மீற்றரில் தெரிந்தாலும் ஆசைப்படாதீர்கள். சிறுநீர் கழிப்பதென்றாலும் வண்டியின் பின்புறம், தடத்தின் மேலேயே. கூட வந்த பெண்களுக்குச் சங்கடம் வேண்டாம், ஆண்கள் முன்னால் போய்த் திரும்பி நிற்கலாம்.

மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ, வரிசையாக நட்ட சிவப்புத் தலைக் கட்டைகளோ, கட்டிவிட்ட நாடாவோ கண்டால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. பலகை பழசாகி விழுந்து கிடந்தாலும் அது சொன்னது சொன்னதுதான். இரும்பாக, பச்சை நிறமாக, பிளாஸ்ரிக் மூடிபோல எதைக் கண்டாலும் தொடாமல் உங்கள் காலடித் தடத்திலேயே திரும்பி வந்து 119க்கு அறிவியுங்கள், கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில் ஒரு குளத்தின் பின்வளவுக்கு வண்டி ஓட்டிப் போனேன். தடத்தின் நடுவில் ஆறேழு மீற்றர் நீளத்துக்குக் கலங்கல் தண்ணீர். வலது பக்கம் பச்சைப்புல், பார்வைக்கு இறுக்கமான தரை. ஸ்டியரிங்கை வலதுக்கு ஒடித்தபோது வயலுக்குள்ளிருந்து ஒரு குரல். "தம்பி, விலத்தாதையுங்கோ! தடத்திலயே நில்லுங்கோ!" வரம்பில் ஓடிவந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு கமக்காரர். அந்தப் புல்லுத்தரையில் மாட்டையும் இறங்க விடுவதில்லை என்று சொன்னார். பிறகு அவரே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தக் கலங்கலுக்குள் இறங்கி நடந்து காட்டினார். முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர், அடியில் கிறவல். இரண்டாம் கியரில் ஆடாமல் ஏறி வந்துவிட்டேன். ஆழம் என்று நான் பயந்த இடம் உறுதியாக இருந்தது. உறுதி என்று நம்பிய இடத்தில்தான் ஆபத்து இருந்தது.

எப்போது, யாரைக் கேட்டு

வன்னியின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடைக்காற்றோடு வருகிறது. காலபோக விதைப்பும் அந்த மழையை நம்பித்தான். கார்த்திகை, மார்கழியில் தடங்கள் மிக மோசம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாமல் மாட்டிக்கொள்வது தை மாதத்தில். மழை விட்டு ஒரு கிழமை வெயில் அடித்ததும் மேல்மண் வெளுத்து வெடிக்கும். அதற்குக் கீழே ஒரு முழத்தில் களி இன்னும் அப்படியே ஈரமாக இருக்கும். சைக்கிள் போகும், மனிதர் நடப்பார். இரண்டு தொன் எடையுள்ள பிக்கப் ஏறியதும் அந்தப் பொருக்கு உடையும். நான் பார்த்த மோசமான புதைவுகள் பல மழைநாளில் நடந்தவை அல்ல, இப்படிப்பட்ட வெயில்நாளில் நடந்தவை. சித்திரையில் பின்னேரம் இடியோடு வரும் மழையும் அப்படித்தான்: காலையில் தூசு பறந்த செம்மண், ஒரு மணி மழையில் சவர்க்காரம் பூசியதுபோல ஆகிவிடும். நம்பிப் போகக்கூடிய காலம் வைகாசி முதல் புரட்டாதி வரை, சோளகம் வீசித் தரையைக் காயவைக்கும் மாதங்கள்.

வானத்தைப் பார்த்து முடிவெடுப்பதும் போதாது. கனகராயன் ஆறு வவுனியா வடக்கிலிருந்து வடக்கே ஓடி இரணைமடுவுக்கு வருகிறது. மேலே காட்டுக்குள் இரவு பெய்த மழை, கீழே வெயில் எறிக்கும் நேரத்தில் தாம்போதியைத் தாண்டும். குளம் நிறைந்து வான் பாயத் தொடங்கினால் நேற்று வந்த பாதை இன்று ஆறாக இருக்கும். 2018 டிசெம்பர் 21, 22ஆம் திகதிகளில் கொட்டிய மழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டதும், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் வெள்ளத்தில் நின்றதும் பலருக்கு நினைவிருக்கும். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "மழை பெய்ததா?" அல்ல, "குளம் வான் பாயுதா?" என்பதே.

அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது? தார் வீதியில் இருக்கும் தேத்தண்ணிக் கடையில் அல்ல. கிறவல் வீதியில் கடைசியாக வரும் வீட்டில் கேளுங்கள். அல்லது உள்ளேயிருந்து வெளியே வரும் உழவு இயந்திரத்தை மறித்துக் கேளுங்கள். கேட்கும் விதமும் இருக்கிறது. "அண்ணை, உதால வாகனம் போகுமோ?" என்றால் மரியாதைக்காகவே "ஓம், போகும்" என்று சொல்லிவிடுவார்கள். அவருடைய வாகனம் உழவு இயந்திரம், உங்களுடையது பிக்கப். "இந்தக் கிழமை பிக்கப் ஏதும் போனதோ? எவ்விடத்தில தாண்டது?" என்று கேளுங்கள். அப்போதுதான் மருதமரத்தடியில் இருக்கும் ஓடைப் பள்ளம் பற்றிய கதை வெளியே வரும்.

ஒதுக்கக் காட்டுக்குள் போகும் தடமென்றால் வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளம் போன்ற இடங்கள் வனசீவராசிகள் திணைக்களத்தின் கையில். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கங்களில் யானை உண்டு. காலை எட்டு மணிக்கு முன்னும் பின்னேரம் மூன்றரைக்குப் பின்னும் காட்டுத்தடத்தில் நிற்காதீர்கள். யானைக்கு முன்னால் செய்யக்கூடியது பின்னால் போவது ஒன்றுதான். சேற்றில் பின்னால் போவது எவ்வளவு மெதுவான வேலை என்பதை நினைத்துப் பாருங்கள்.

மண்ணை வாசித்தல்

வன்னி முழுவதும் ஒரே மண் அல்ல. ஒரே தடத்திலேயே மூன்று விதம் வரும்.

மேட்டுநிலத்தில் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் இடத்தில் செங்கபில மண். காய்ந்தால் கல், நனைந்தால் ஒட்டும், வழுக்கும். ஆனால் ஆழமில்லை. கீழே பெரும்பாலும் சரளை இருக்கும். இங்கே வண்டி புதையாது, சறுக்கும். சறுக்கிப் பக்கத்து வாய்க்காலுக்குள் விழுவதுதான் பயம். நிலம் சரிந்து பள்ளத்துக்கு இறங்க இறங்க மண் நிறம் வெளுத்துச் சாம்பலாகும். சாம்பல் நிறம் என்றால் அந்த மண் வருடத்தில் பல மாதம் தண்ணீருக்குள் இருந்தது என்று அர்த்தம். வண்டி தாழ்வது இங்கேதான். தடம் மருதமரங்களை நோக்கிப் போகிறதென்றால் ஓடை வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். மருது தண்ணீர்க் கரையை விரும்பும் மரம். மன்னார்ப் பக்கம் முருங்கனில் இருப்பதுபோன்ற கருங்களியோ தனி இனம். ஈரத்தில் ஊதிப் பொருமி, சில்லோடு சில்லாகச் சுற்றி, மட்காட்டுக்குள் அடைத்துச் சில்லைச் சுழலவிடாமல் பண்ணிவிடும். நனைந்த கருங்களியில் எந்த வண்டியையும் இறக்காதீர்கள். காயும் வரை காத்திருப்பது தவிர வேறு நுட்பம் எனக்குத் தெரியாது. கடனீரேரிக் கரைகளில், நந்திக்கடல், சுண்டிக்குளம் போன்ற இடங்களில், உப்புப் பூத்த தரவை பார்க்க மைதானம்போல இருக்கும். அது தோல்தான். கீழே உளை.

கையால் பார்க்கும் ஒரு சோதனை உண்டு. ஒரு பிடி ஈரமண்ணை எடுத்து உருட்டி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நாடாவாகத் தள்ளுங்கள். உடனே உடைந்து விழுந்தால் மணல் கூடிய மண், போகலாம். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் உடையாமல் நீண்டால் நல்ல களி. உங்கள் டயரின் பள்ளங்களில் அது நிரம்பிவிடும். நிரம்பிய டயர் மொட்டை டயர்.

இறங்கி நடப்பதில் சோம்பல் வேண்டாம். சில்லு போகப்போகும் இரண்டு கோட்டிலும் நடங்கள், கோட்டுக்கு வெளியே அல்ல. நீளமான தடியால் குத்திக் குத்திப் பாருங்கள். தண்ணீர் தேங்கியிருந்தால் அடி எப்படி என்று தடி சொல்லும்: "டொக்" என்றால் கல், இழுக்கும்போது உறிஞ்சிப் பிடித்தால் களி. குளத்தோடு தொடுத்த தண்ணீரில் காலை வைக்க முன் கரையைக் கவனியுங்கள். வன்னிக் குளங்களில் முதலை உண்டு. நடுமேட்டின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். உழவு இயந்திரத்தின் பின்சில்லு பெரிது, அதன் வயிறு உயரம். வயலில் சேறடிக்கும் இரும்புச்சில்லோடு அது தடத்தில் ஏறியிருந்தால் இரண்டு பக்கமும் அகழிபோல வெட்டியிருக்கும். உங்கள் பிக்கப்பின் பின் டிஃப் (அச்சின் நடுவில் தொங்கும் பல்சக்கரப் பெட்டி) நடுமேட்டில் குந்திவிட்டால் நான்கு சில்லும் அந்தரத்தில் சுழலும். டிஃபின் கீழ்ப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள உயரத்தைத் தடியில் ஒரு வெட்டுப்போட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சேற்றுத்தடத்தின் பள்ளத்தில் அந்தத் தடியை நட்டால் ஓட்டலாமா வேண்டாமா என்பது உடனே தெரியும்.

வண்டி

நான்கு சில்லு இழுவை என்பதில் ஒரு மயக்கம் இருக்கிறது. ஹைலக்ஸ், எல்200 போன்ற பிக்கப்புகளில் நான்கு சில்லுக்கும் பலம் போகிறது என்றாலும், டிஃப் பூட்டு இல்லாவிட்டால் ஓர் அச்சில் ஒரு சில்லு வழுக்கத் தொடங்கியதும் அதன் சோடியும் இழுவையை இழந்துவிடும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வழுக்கினால் வண்டி நின்றுவிடும். நான்கு சில்லு இழுவை உங்களை இரண்டு சில்லு வண்டி தாழும் இடத்தைத் தாண்டிக் கொண்டுபோய், இன்னும் உள்ளே, உதவி இன்னும் தொலைவான இடத்தில் தாழ்த்தும். இதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. எவ்வளவு தூரம் போவது என்பதை வண்டியின் பலத்தைக்கொண்டு முடிவுசெய்யாமல் உங்களிடம் உள்ள மீட்பு வசதியைக்கொண்டு முடிவுசெய்ய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பழைய வண்டிகளில் முன்சில்லின் நடுவே கையால் திருகும் ஹப் பூட்டு இருக்கும். அதைக் கிறவலிலேயே இறங்கிப் பூட்டிவிடுங்கள். சேற்றுக்குள் நின்ற பிறகு அதைத் தேடிக் கையை விடுவது கொடுமை. 4எச்சை (நான்கு சில்லு இழுவையின் வேக நிலை) ஓட்டத்தில் போடலாம். 4எல்லுக்கு (மெதுவான, பலமான நிலை) பெரும்பாலான வண்டிகளில் நின்று, நியூட்ரலுக்கு வந்துதான் மாற்ற வேண்டும். ஆகவே சேற்றுக்கு ஐம்பது மீற்றர் முன்னமே மாற்றிவிடுங்கள். டிஃப் பூட்டு இருந்தால் நேராகப் போகும்போது மட்டும் போடுங்கள். பூட்டோடு ஸ்டியரிங் திருப்பினால் வண்டி திரும்பாமல் நேரே தள்ளிக்கொண்டு போகும்.

டயர்க் காற்றுக்கு வருவோம். வீதிக்கு 32, 34 பிஎஸ்ஐ அடித்திருப்பீர்கள். ஆழமாக இளகிய சேற்றுக்கு அதை 22 அளவுக்கு இறக்குங்கள். டயர் நீளவாட்டில் பரந்து படுக்கும், எடை பகிரும். 18க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் றிம்மை விட்டுக் கழரும் ஆபத்து உண்டு. மேலே மெல்லிய சேறு, அடியில் இறுகிய சரளை என்ற செம்மண் மேட்டில் காற்றை அவ்வளவு இறக்கத் தேவையில்லை. அங்கே ஒடுங்கிய டயர்தான் வழுக்கலை வெட்டிக்கொண்டு கீழே பிடிக்கும். இறக்கிய காற்றோடு ஏ9இல் ஓடக்கூடாது. டயர் சூடேறி வெடிக்கும். 12 வோல்ட் காற்றுப்பம்பி ஒன்றையும் காற்றுமானியையும் சீற்றுக்கு அடியில் வைத்திருப்பது இந்த வேலைக்குச் செய்யக்கூடிய மலிவான நல்ல செலவு.

கொண்டுபோக வேண்டியவை: மண்வெட்டி, அலவாங்கு, ஜக்கு, ஜக்குக்கு அடியில் வைக்க ஒன்றரை அடிச் சதுரத்தில் தடித்த பலகை (இல்லாவிட்டால் வண்டி ஏறாது, ஜக்குத்தான் இறங்கும்), அரைவாசிக்குக் கிறவல் நிரப்பிய ஆறேழு உரப்பைகள், நாலைந்து பனைமட்டைகள் அல்லது பலகைகள், இழுக்கும் பட்டி ஒன்று, இரும்பு வளையம் இரண்டு, குடிதண்ணீர், ரோச் லைற். கிறவல் பைகள் பின்பெட்டியில் கிடப்பதால் வெறும் பிக்கப்பின் பின்சில்லுக்குக் கொஞ்சம் பாரமும் கிடைக்கும். காட்டுக்குள் தொலைபேசித் தொடர்பு விட்டு விட்டுத்தான் வரும். எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வெளியே ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். அம்புலன்ஸுக்கு 1990.

ஓட்டும்போது

இறங்குவதற்கு முன் எங்கே ஏறுவது என்று தெரிந்திருக்க வேண்டும். நின்று, மறுகரையில் ஒரு புள்ளியைக் கண்ணில் வைத்து, 4எல்லில் இரண்டாம் கியர், நிலம் இளகலாக இருந்தால் மூன்றாம் கியர். முதலாம் கியர் வேண்டாம். அதன் இழுவை சில்லை உடனே சுழலவைத்துவிடும். சீரான வேகத்தில் நுழைந்து அதே வேகத்தில் வெளியேறுங்கள். நடுவில் கியர் மாற்றுவதும் கிளச்சை மிதிப்பதும் வண்டியின் உந்தலைக் கொன்றுவிடும். ஓடிவந்து பாய்வதும் வேண்டாம். தண்ணீருக்கடியில் ஒரு கல் இருந்தால் அந்த வேகம் முழுவதும் முன் அச்சில் இறங்கும்.

வண்டி தளர்வதை முதலில் இடுப்பு உணரும், காது பிறகுதான் கேட்கும். அப்போது அக்சிலேட்டரை மேலும் மிதிக்கத்தான் கால் துடிக்கும். மிதிக்காதீர்கள். அதே அளவில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கை இடம் வலமாகச் சின்னச் சின்னதாக ஆட்டுங்கள். முன்டயரின் ஓரங்கள் பள்ளத்தின் பக்கச் சுவரைக் கடிக்கும். பல தடவை அதுவே போதும். போதாமல் வண்டி முன்னேறுவது நின்றுவிட்டால் அந்த நொடியே காலை எடுங்கள். முன்னேறாத சில்லு சுழலும் ஒவ்வொரு வினாடியும் குழியைக் கிண்டி ஆழமாக்கும். ஐந்து வினாடி கழித்து டிஃப் தரையில் குந்தியிருக்கும். நின்றதும் பின் கியர் போட்டு வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் வாருங்கள், இன்னொருமுறை முயலலாம். இரண்டாம் முறை முதல் முறையைவிட ஒரு மீற்றராவது கூடப் போகாவிட்டால் மூன்றாம் முறை வேண்டாம்.

பள்ளத் தடத்துக்குள் ஓடும்போது சில்லு எங்கே திரும்பியிருக்கிறது என்று தெரியாது. தடம்தான் வண்டியை நடத்துகிறது, ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேரே போகும். பள்ளம் முடிந்த இடத்தில் ஒடித்த பக்கம் திடீரென்று பாயும். ஒரு பக்கம் பற்றை, ஒரு பக்கம் குளம் என்ற கட்டின் மேல் இது உயிருக்கு ஆபத்து. ஜன்னலால் தலையை நீட்டி முன்சில்லைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். மழையில் ஊறிய குளக்கட்டின் மேல் தேவையில்லாமல் வண்டி ஏற்றவே வேண்டாம். கட்டு ஊருக்குச் சொந்தம். அதில் நீங்கள் வெட்டும் பள்ளத்தில் அடுத்த மழை வழி தேடும்.

தாம்போதியில் தண்ணீர் ஓடினால் அளவு இதுதான்: தேங்கிய தண்ணீர் சில்லின் பாதிக்குக் கீழே என்றால் நடை வேகத்தில் போகலாம். ஓடும் தண்ணீர் வேறு விஷயம். இரண்டடி ஓட்டத் தண்ணீர் பிக்கப்பையும் தூக்கிக்கொண்டு போகும். முழங்காலுக்கு வந்துவிட்ட ஓட்டத்தில், கலங்கலில் விளிம்புக் கட்டைகள் தெரியாமல் போன ஓட்டத்தில், இறங்கக் கூடாது. காத்திருங்கள், மழை விட்டால் ஓட்டம் இறங்கும். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுபோனால் மீண்டும் சாவியைத் திருப்பாதீர்கள். காற்று உறிஞ்சும் குழாயால் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்ரிங் றொட் வளையும். கயிறு கட்டி இழுத்து வெளியே எடுப்பதே வழி.

தாண்டு போனால்

முதலில் எஞ்சினை நிறுத்தி இறங்கி ஐந்து நிமிடம் பாருங்கள். எந்தச் சில்லு சுழன்றது, வயிறு எங்கே முட்டியிருக்கிறது என்று தெரியாமல் மண்வெட்டியைத் தூக்கினால் வீண் வேலை. டிஃப் குந்தியிருந்தால் சில்லுக்கு முன்னால் வெட்டிப் பயனில்லை, டிஃபுக்குக் கீழே வெட்ட வேண்டும். ஒவ்வொரு சில்லுக்கும் முன்னால் செங்குத்தான சுவராக நிற்கும் சேற்றைச் சரிவாகச் சீவுங்கள். களி உறிஞ்சிப் பிடித்திருக்கும். சில்லைச் சுற்றிக் காற்றுப் போக வழி வெட்டினால்தான் விடும். பிறகு சில்லை ஜக்கில் உயர்த்தி, அடியில் கிறவல் பையை வைத்து, அதற்கு முன்னால் பனைமட்டையை நரம்புப் பக்கம் குறுக்காக அடுக்குங்கள். ஜக்கில் நிற்கும் வண்டிக்குக் கீழே உடம்பை விடாதீர்கள். டயர்க் காற்றை இன்னும் இரண்டு குறையுங்கள். எல்லாரும் இறங்கி, பின்னால் யாரும் நிற்காமல், கிளச்சை மெல்ல விட்டு வெளியே எடுங்கள். பின்பக்கமாக எடுக்க முடிந்தால் அதுவே நல்லது. பின்னால் இருக்கும் தடம் நீங்கள் வந்த தடம்.

முடியாவிட்டால் உழவு இயந்திரம். இங்கே கூப்பிட்டால் வருவார்கள், இரவென்றாலும் வருவார்கள். டீசலுக்கும் அவர்களின் நேரத்துக்கும் கொடுக்க வேண்டியதை, கேட்காமலே, முதலில் பேசிக்கொள்ளுங்கள். பயப்பட வேண்டியது கயிற்றுக்கு. வன்னியில் பெரும்பாலும் கையில் இருப்பது சங்கிலி. இழுவிசையில் அறுந்த சங்கிலியின் துண்டு ஆளைக் கொல்லும். உங்கள் பட்டியையே பாவிக்கச் சொல்லுங்கள். கட்டும் இடம் சட்டத்தோடு போல்ட் அடித்த இழுவைக் கொக்கியாக இருக்க வேண்டும். பம்பர் வேண்டாம், ஸ்டியரிங் தடி வேண்டாம், பெட்டி பூட்டும் உருண்டையும் வேண்டாம். ஜப்பான் வண்டிகளின் அடியில் மெல்லிய வளையங்கள் இருக்கும். அவை கப்பலில் கட்டுவதற்கானவை. கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள், அறுந்தால் அதன் வீச்சைக் குறைக்கும். வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு, அதுவும் தடத்தின் மேலேயே பின்னுக்கு, அவர்களை அனுப்பிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். கயிறு இறுகும் வரை மெதுவாக வந்து, இறுகிய பிறகு ஒரே சீராக இழுக்கச் சொல்லுங்கள், வெட்டி வெட்டி அல்ல.

வண்டி வெளியே வந்ததும் புறப்பட்டுவிடாதீர்கள். வெட்டிய குழியை அந்த மண்ணாலேயே நிரப்பி, கொண்டுவந்த கிறவலையும் அங்கேயே கொட்டி மிதித்துவிடுங்கள். மாசியில் அந்தக் களி கல்லாகும். நீங்கள் விட்ட பள்ளம் அப்படியே இறுகி, அறுவடை நெல் ஏற்றிய பெட்டியைச் சாய்க்கும். அந்தத் தடத்தால்தான் பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளில் போகிறது.

தாருக்கு ஏறுமுன் 4எச்சிலிருந்து இரண்டு சில்லுக்கு மாற்றி, ஹப்பைத் திறந்து, காற்றை மறுபடி 32க்கு ஏற்றுங்கள். பிரேக்கை லேசாக மிதித்தபடி ஐம்பது மீற்றர் ஓடி ஈரத்தைக் காயவையுங்கள். அறுபதைத் தாண்டும்போது ஸ்டியரிங் உதறினால் பயப்பட வேண்டாம், றிம்மின் உட்பக்கம் ஒட்டிய களி சமநிலையைக் கெடுக்கிறது. தடியால் சுரண்டி எடுங்கள். ரேடியேற்றரின் செட்டைகளில் அடைந்த சேற்றை உள்ளிருந்து வெளியே தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். அது காய்ந்தால் எஞ்சின் சூடேறும். சூடான டிஃப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் மூச்சுக்குழாயால் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலை, வண்டி இரவு முழுக்க ஆறி நின்ற பிறகு, இரண்டு டிஃப்களின் எண்ணெய் அடைப்பையும் கொஞ்சம் தளர்த்தி ஒரு துளி பாருங்கள். பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் வந்தால் அன்றே எண்ணெய் மாற்ற வேண்டும்.